கடைசிப் பருவத்துக்கு ஓர் அட்டை: வாசகர் கேள்வி பதில்

அச்சு, காகிதம், பழைய படங்கள், சேகரிப்பு பற்றி வாசகர்கள் கேட்பவற்றுக்கு இந்தப் பகுதியில் பதில் எழுதி வருகிறேன். திருகோணமலையில் அச்சகம் நடத்துகிறேன். கலியாண அழைப்பிதழும் கோயில் திருவிழா அறிவித்தலும்தான் எங்கள் பிழைப்பு. ஓய்வு கிடைக்கும்போது, ஓய்வுபெற்ற அமெரிக்க பேஸ்போல் வீரர்களின் இறுதிப் பருவத்துக்கு, படமும் ஆட்டக் கணக்கும் கொண்ட சேகரிப்பு அட்டைகள் செய்கிறேன் என்று சென்ற இதழில் இரண்டு வரி எழுதியிருந்தேன். இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை அதைப் பற்றியே கேட்கின்றன. மற்றக் கேள்விகளை அடுத்த இதழில் பார்ப்போம்.

ரொறன்ரோவிலிருந்து வந்த மைத்துனர் ஓர் உறை நிறைய பேஸ்போல் அட்டைகள் கொண்டுவந்தார். அவற்றுள் சாண்டி கூஃபாக்ஸ் என்பவரின் 1967ஆம் ஆண்டு அட்டை ஒன்று இருக்கிறது. பின்பக்கத்தில் ‘இது நிறுவன வெளியீடு அல்ல’ என்று பொடி எழுத்தில் போட்டிருக்கிறார்கள். இது போலியா? வைத்திருப்பதில் பயன் உண்டா?
*– நிலாவெளி வாசகர்*

பத்திரமாக வைத்திருங்கள். போலி செய்பவன் உண்மையில் இருக்கும் ஓர் அட்டையைப் பார்த்து இன்னொன்று செய்து, அதையே அசல் என்று விற்கிறான். உங்கள் கையில் இருப்பதற்கு அசலே கிடையாது. 1967இல் கூஃபாக்ஸுக்குத் தனி அட்டை ஒன்றை, இந்த அட்டைகளை அச்சிடும் டொப்ஸ் நிறுவனம் வெளியிடவில்லை. வெளிவந்திருக்க வேண்டும் என்று ஏங்கிய ஒருவர் தன் கையால் அதைச் செய்திருக்கிறார். செய்ததை மறைக்காமல் பின்பக்கத்தில் எழுதியும் இருக்கிறார்.

ஏன் வெளிவரவில்லை என்பதைச் சற்று விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் இந்தக் கலை முழுவதும் அதில்தான் பிறக்கிறது. பேஸ்போல் பருவம் வசந்தத்தில் தொடங்கி இலையுதிர் காலத்தில் முடிகிறது. அட்டைகளோ அடுத்த பருவம் தொடங்கும்போது கடைக்கு வரும். முன்பக்கத்தில் வீரரின் படம், பின்பக்கத்தில் முந்தைய ஆண்டு வரையிலான எண்கள். ஆகவே 1966ஆம் ஆண்டு அட்டையைத் திருப்பினால் 1965 வரைதான் தெரியும். 1966இல் அவர் என்ன செய்தார் என்பது 1967 அட்டையில்தான் வரும். ஆனால் 1966 முடிந்ததும் அவர் ஓய்வுபெற்றுவிட்டால், அடுத்த ஆண்டுத் தொகுதியிலிருந்து பெயரை எடுத்துவிடுவார்கள். ஓர் ஆண்டு முழுவதும் அவர் ஆடிய ஆட்டம் எந்த அட்டையிலும் ஏறாமல் போய்விடுகிறது.

கூஃபாக்ஸுக்கு நேர்ந்தது இதுதான். லொஸ் ஏஞ்சலிஸ் டொட்ஜர்ஸ் அணியின் இடதுகைப் பிட்சர் அவர். பேஸ்போலில் மட்டைக்காரரை நோக்கிப் பந்தெறிபவரைப் பிட்சர் என்பார்கள். 1966இல் 27 வெற்றி, 9 தோல்வி, 317 ஸ்ட்ரைக் அவுட் (மூன்று பந்துகளைத் தவறவிட்டு மட்டைக்காரர் வெளியேறுவது). ஒன்பது இன்னிங்ஸுக்கு, சக வீரர்களின் தவறால் வந்தவை நீங்கலாக, அவர் விட்டுக்கொடுத்த ஓட்டங்கள் சராசரியாக 1.73. அந்த ஆண்டின் சிறந்த பிட்சருக்கான சை யங் விருதும் அவருக்கே. முழங்கையில் மூட்டுவாதம் முற்றிவிட்ட நிலையில் எறிந்து சேர்த்த எண்கள் இவை. அந்த நவம்பரில், 30 வயதில், போதும் என்று விலகிவிட்டார். 1967 தொகுதியில், முந்தைய பருவத்தின் முதலிடக்காரர்களைக் காட்டும் அட்டைகளில் மற்றவர்களோடு அவர் முகமும் இருக்கிறது. தனக்கென்று ஓர் அட்டை இல்லை. பேஸ்போல் வரலாற்றில் இதைவிட உயரத்தில் நின்றபடி இறங்கியவர்கள் மிகக் குறைவு. அந்த வரி அச்சேறாமல் போனது எனக்குப் பொறுக்கவில்லை. உங்கள் மைத்துனரின் அட்டையைச் செய்தவருக்கும் பொறுத்திருக்காது.

அட்டையைத் திருப்பி, எண் வரிசையின் அடியில் 1966 என்ற வரியைப் பாருங்கள். அந்த ஒரு வரிக்காகத்தான் அட்டை முழுவதும் செய்யப்பட்டது.

நிறுவனமே கடைசிப் பருவத்தை அச்சிட்ட அட்டைகள் எதுவும் இல்லையா?
*– கிண்ணியா மாணவர்*

இருக்கின்றன, தம்பி. மிக்கி மான்டில் ஓய்வை அறிவித்தது 1969 மார்ச் 1ஆம் திகதி. அதற்குள் அட்டை வேலை முடிந்துவிட்டதால் 1969 தொகுதியில் 500ஆம் எண் அட்டையாக வந்தார். 1968 உட்பட அவரது எண்கள் அனைத்தும் அதன் பின்பக்கத்தில் உண்டு. மொத்தம் 536 ஹோம் ரன் (கிரிக்கெட்டின் சிக்ஸர் போலப் பந்தை எல்லைக்கு வெளியே அடிப்பது). அவர் நவம்பரிலேயே சொல்லியிருந்தால் இந்த அட்டை வந்திருக்காது.

இன்னொன்று ரொபேர்ட்டோ கிளெமென்டேயின் 1973 அட்டை. 1972 செப்டெம்பர் 30ஆம் திகதி தன் 3,000ஆவது ஹிட்டை (பந்தை அடித்து, ஆட்டமிழக்காமல் தளத்தை எட்டுவது) அடித்தார். அதே ஆண்டு டிசம்பர் 31ஆம் திகதி, நில அதிர்வால் நொறுங்கிய நிக்கராகுவாவுக்கு நிவாரணப் பொருள் ஏற்றிச் சென்ற விமானம் புவேர்ட்டோ ரிக்கோ கடலில் விழுந்து இறந்தார். வயது 38. அது அவரது இறுதிப் பருவம் என்று அறியாமலே திட்டமிட்ட அட்டை அது. நிவாரணப் படகுகளும் லொறிகளும் வந்த நாட்களைக் கண்ட நம் ஊர்க்காரர்களுக்கு அவரைப் பற்றி அதிகம் விளக்கத் தேவையில்லை.

இக்காலத்தில் நிலைமை மாறிவிட்டது. டெரெக் ஜீட்டர் 2014இல் ஓய்வுபெற்ற பிறகும் 2015 தொகுதியின் முதலாம் எண்ணை அவருக்கே கொடுத்தார்கள். ஆகவே நாம் செய்யவேண்டிய வேலை பெரும்பாலும் பழைய வீரர்களிடம்தான் இருக்கிறது.

வில்லி மேஸின் இறுதிப் பருவ அட்டையை நீங்கள் செய்ததாக எழுதியிருந்தீர்கள். இணையத்தில் தேடிப் பார்த்தேன். அந்த ஆண்டு அவர் மிக மோசமாக ஆடியிருக்கிறார். இப்படியான பருவத்தை ஏன் நினைவூட்ட வேண்டும்? அவரது சிறந்த ஆண்டின் எண்களைப் போட்டால் மரியாதையாக இருக்குமே.
*– திருகோணமலை ஆசிரியர் ஒருவர்*

சேர், உங்கள் கேள்வியில் இருக்கும் கரிசனை எனக்குப் புரிகிறது. ஆனாலும் நான் இதில் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

மேஸின் 1973 எண்களை மறைக்காமல் எழுதுகிறேன். 66 ஆட்டம், 6 ஹோம் ரன், மட்டைச் சராசரி .211. அதாவது நூறு முறை மட்டை பிடித்தால் இருபத்தொரு முறைதான் ஹிட். 1954இல் இதே மனிதர் .345 அடித்தவர். 1951இல் நியூயோர்க்கில் தொடங்கினார், அணி 1958இல் சான் பிரான்சிஸ்கோவுக்குப் போனபோது கூடவே போனார், 1972இல் மெட்ஸ் அணிக்காக மீண்டும் நியூயோர்க் வந்தார். 42 வயது, முழங்கால்கள் கேட்கவில்லை. பருவ முடிவில் சம்பியனைத் தீர்மானிக்கும் உலகத் தொடரில், 1973இன் இரண்டாவது ஆட்டத்தில் பந்தைப் பிடிக்கப் போய்த் தடுமாறி விழுந்தார். அந்தக் காட்சியைத்தான் வயோதிபத்தின் அடையாளமாக இன்றும் எடுத்துக் காட்டுகிறார்கள். அதே ஆட்டம் 12ஆவது இன்னிங்ஸ் வரை இழுபட்டது. சமநிலையை உடைத்து அணியை முன்னே கொண்டுபோன ஹிட்டை அடித்தவரும் மேஸ்தான். அவரது விளையாட்டு வாழ்வின் கடைசி ஹிட் அது. விழுந்ததைச் சொல்லுகிறவர்களில் எத்தனை பேர் இதைச் சொல்லுகிறார்கள்? கடைசிப் பருவத்தை முழுவதுமாக எழுதாவிட்டால் இரண்டும் சேர்ந்து தெரியவராது. என் அட்டையின் பின்பக்கத்தில் .211 இருக்கிறது, அதன் கீழே இரண்டு வரியில் அந்த 12ஆவது இன்னிங்ஸும் இருக்கிறது.

நமக்குப் பழக்கமான கிரிக்கெட்டிலிருந்தே ஓர் உதாரணம் தருகிறேன். 1948 ஓகஸ்டில் ஓவல் மைதானத்தில் டொன் பிராட்மன் தன் கடைசி டெஸ்ட் இன்னிங்ஸை ஆடவந்தார். எரிக் ஹொலிஸின் இரண்டாவது பந்தில் பூச்சியத்துக்கு ஆட்டமிழந்தார். நான்கு ஓட்டம் எடுத்திருந்தால் சராசரி சரியாக 100. அந்தப் பூச்சியத்தை மரியாதைக்காக நீக்கிவிட்டால் 99.94 எங்கிருந்து வரும்? பாடசாலைப் பிள்ளைகளும் சொல்லும் எண் அது.

முரளிதரனைப் போலக் கடைசிப் பந்தில் கடைசி விக்கெட்டை எடுத்து 800 என்று முடிக்கும் பேறு எல்லோருக்கும் வாய்ப்பதில்லை. 2010 ஜூலையில் காலியில் பிரக்யான் ஓஜாவின் பிடியை மஹேல எடுத்ததைத் தொலைக்காட்சியில் பார்த்து எங்கள் அச்சகத்தில் வேலையே நின்றுபோனது. பேஸ்போலில் டெட் வில்லியம்ஸுக்கும் அப்படி ஒரு முடிவு கிடைத்தது: 1960இல், 42 வயதில், .316 சராசரி, 29 ஹோம் ரன், கடைசியாக மட்டை பிடித்தபோதும் ஹோம் ரன். இவர்களின் இறுதிப் பருவத்தைக் கொண்டாட நான் தேவையில்லை, உலகமே கொண்டாடுகிறது. மேஸின் .211க்கும், 1971இல் .193 அடித்து ஓய்ந்த எர்னி பேங்ஸுக்கும், 1976இல் .229 அடித்த ஹாங்க் ஆரனுக்கும்தான் அட்டை வேண்டும். ஆரன் அந்தச் சோர்ந்த ஆண்டில் அடித்தது 10 ஹோம் ரன்தான். அந்தப் பத்தும் சேர்ந்துதான் 755 ஆனது.

நானும் செய்து பார்க்க விரும்புகிறேன். அளவு, காகிதம், வெட்டும் முறை பற்றிச் சொல்லுங்கள். வீட்டு அச்சுப்பொறி போதுமா?
*– தம்பலகாமம் வாசகர்*

அளவு இரண்டரை அங்குலத்துக்கு மூன்றரை அங்குலம், அதாவது 63.5க்கு 88.9 மி.மீ. 1957இலிருந்து டொப்ஸ் இந்த அளவில்தான் அச்சிடுகிறது. அதற்கு முந்தைய 1952 முதல் 1956 வரையான அட்டைகள் சற்றுப் பெரியவை, அவற்றின் மாதிரியில் செய்வதானால் அளவையும் மாற்றுங்கள். படம் அங்குலத்துக்கு 300 புள்ளிச் செறிவில் 750க்கு 1050 புள்ளிகளுக்குக் குறையக்கூடாது. நாலு பக்கமும் 3 மி.மீ. கூடுதலாக நிறத்தை ஓடவிடுங்கள். அப்படி விட்டால் 12க்கு 18 அங்குலத் தாள் ஒன்றில் 18 அட்டைகள் அடங்கும்.

காகிதத்தில்தான் பெரும்பாலானோர் கோட்டைவிடுகிறார்கள். பளபளப்பான ஆர்ட் போட் எடுத்து, அதற்கு மேல் லமினேட்டும் செய்து, வங்கி அட்டை மாதிரி ஆக்கிவிடுகிறார்கள். 1960களின் அட்டையைக் கையில் எடுத்தவருக்குத் தெரியும், முன்பக்கம் மட்டும்தான் வழுவழுப்பு, பின்பக்கம் சாம்பல் நிறத்தில் சொரசொரப்பாக இருக்கும். அதற்கு நம் ஊரிலேயே காகிதம் இருக்கிறது. இனிப்புக் கடைப் பெட்டி செய்யும் டூப்ளெக்ஸ் போட், 300 கிராம் கனம். ஒருபக்கம் வெள்ளைப் பூச்சு, மறுபக்கம் சாம்பல். அந்தச் சாம்பல் பக்கத்தில் கறுப்பிலும் இன்னொரு நிறத்திலும் எண்களை அச்சிட்டுப் பாருங்கள், மை சற்று உள்ளிறங்கி அந்தக் காலத்து அட்டை போலவே நிற்கும். வீட்டு அச்சுப்பொறி பெரும்பாலும் இந்தக் கனத்தை இழுக்காது. அச்சகத்துக்குக் கொண்டுபோங்கள்.

முன்பக்கமும் பின்பக்கமும் ஒன்றுக்கொன்று நேராக விழுகின்றனவா என்பதை முதல் தாளிலேயே பார்த்துவிட வேண்டும். நான் தாளின் மூலைகளில் இருக்கும் வெட்டுக்குறிகளில் ஊசியால் துளையிட்டுத் திருப்பிப் பார்ப்பேன். துளை பின்பக்கக் குறியின் மேலேயே வந்தால் வெட்டலாம். அரை மில்லிமீற்றர் விலகினாலும் தாளைத் திருத்திய பிறகே அடுத்தது. வெட்டும்போது கட்டுக்கட்டாக அடுக்காமல் சில தாள்களாக வைத்து, கத்தியைத் தீட்டி வெட்டச் சொல்லுங்கள். மழுங்கிய கத்தி சாம்பல் பக்கத்தில் பிசிறு எழுப்பும். கரைக்கு வெள்ளை ஓரம் இருப்பது நல்லது. 1971ஆம் ஆண்டு மாதிரியில் ஓரம் முழுக்கக் கறுப்பு. அசல் அட்டைகளிலேயே மூலை உதிர்ந்து வெள்ளை தெரியும், நம் டோனர் அச்சில் இன்னும் மோசமாக உதிரும்.

மாரி காலத்தில் டூப்ளெக்ஸ் வளையும். இரண்டு பக்கமும் ஈரத்தை ஒரே அளவில் இழுக்காததுதான் காரணம். அச்சிட்ட தாள்களை இரவு முழுவதும் பாரத்தின் கீழ் வைத்து அடுத்த நாள் வெட்டுங்கள். கடற்கரையோர வீடுகளில் வைக்கும்போது காற்றுப் புகாத டப்பாவும் ஈரம் இழுக்கும் சிறு பொட்டலமும் அவசியம்.

இவற்றை விற்கலாமா?
*– மூதூர் வாசகர்*

கூடாது. படம் எடுத்தவருக்கு உரிமை உண்டு, அணியின் சின்னத்துக்கு உரிமை உண்டு, வீரரின் முகத்துக்கும் உரிமை உண்டு. உங்களுக்காகச் செய்யுங்கள், நண்பருக்குக் கொடுங்கள். பின்பக்கத்தில் ‘நிறுவன வெளியீடு அல்ல’ என்பதையும் நீங்கள் அச்சிட்ட ஆண்டையும் போடுங்கள். தேயிலைச் சாயத்தில் நனைத்துப் பழசாக்கும் வித்தையைச் சிலர் கேட்டிருக்கிறார்கள். அதை நான் சொல்லித்தர மாட்டேன். நாளைக்கு யாரோ ஒரு பிள்ளை அதை அசல் என்று நம்பிக் காசு கொடுக்கும்.

ஐயா, என் அப்பா திருகோணமலையில் உதைபந்தாட்டக் கழகம் ஒன்றின் கோல் காப்பாளராக இருந்தவர். 1983 கலவரத்தோடு விளையாட்டு நின்றுபோனது, பிறகு அவர் மைதானத்துக்குப் போகவில்லை. அடுத்த ஆண்டு அவருக்கு 70 வயது. அவருக்கு ஓர் இறுதிப் பருவ அட்டை செய்ய ஆசை. எங்களிடம் இருப்பது ஒரே ஒரு குழுப்படம். எத்தனை ஆட்டம், எத்தனை கோல் தடுத்தார் என்று எதுவும் தெரியாது. மற்றவையெல்லாம் சுனாமியில் போய்விட்டன. செய்ய முடியுமா?
*– உப்புவெளி வாசகி*

மகளே, கட்டாயம் முடியும். நீங்கள் எழுதிய கடிதத்தைக் கண்டுதான் இந்த இதழில் அட்டை தவிர வேறு விடயக் கேள்வி எதையும் எடுக்கவில்லை.

முதலில் படம். குழுப்படத்தைக் கைபேசியில் படம்பிடித்து அனுப்பாதீர்கள். சட்டத்திலிருந்து எடுத்து, கண்ணாடியில் ஒட்டியிருந்தால் பிய்க்காமல், ஸ்கேன் எடுக்கும் இடத்துக்குக் கொண்டுபோய் 1200 புள்ளிச் செறிவில் எடுக்கச் சொல்லுங்கள். அப்பாவின் முகம் சுண்டுவிரல் நகமளவு இருந்தாலும் அட்டைக்குப் போதும். முகத்தை மட்டும் வெட்டாமல், பக்கத்தில் நிற்பவரின் தோளும் அப்பாவின் கையிலிருக்கும் பந்தும் சேர்ந்து வரட்டும். கணினியில் முகத்தைத் தெளிவாக்கித் தரும் செயலிகள் வந்திருக்கின்றன. அவை தெளிவாக்குவதில்லை, இல்லாத கண்ணையும் மூக்கையும் தாமாக வரைகின்றன. அப்பா கண்ணாடியில் பார்த்த முகமாக அது இருக்காது. மங்கலாக இருந்தால் மங்கலாகவே விடுங்கள்.

அடுத்தது எண்கள். அமெரிக்காவில் கறுப்பின வீரர்கள் பெரிய அணிகளில் சேர்க்கப்படாத காலத்தில் அவர்களுக்கென்று தனி லீக்குகள் இருந்தன. அவற்றின் பதிவேடுகள் ஒழுங்காகக் காக்கப்படவில்லை. ஆராய்ச்சியாளர்கள் பழைய பத்திரிகைகளில் ஆட்ட விவரங்களை ஒவ்வொன்றாகத் தேடிச் சேர்த்தார்கள். 2020 டிசம்பரில் அந்த லீக்குகளைப் பெரிய லீக்குகளாக ஏற்றுக்கொண்டார்கள், 2024 மேயில் அந்த எண்களை அதிகாரபூர்வப் பதிவில் சேர்த்தார்கள். அந்த லீக்குகளில் ஆடிய ஜோஷ் கிப்சனின் .372 வாழ்நாள் மட்டைச் சராசரி, அதுவரை முதலிடத்தில் இருந்த டை கொப்பின் .367ஐத் தாண்டி முதலிடத்துக்கு வந்தது. கிப்சன் 1947இலேயே இறந்துபோனவர். மேஸுக்கும் 1948இல் பர்மிங்ஹாம் அணிக்காக அடித்த 10 ஹிட்டுகள் கணக்கில் ஏறின. அப்போது அவர் உயிரோடு இருந்தார், அடுத்த மாதம் இறந்தார்.

நீங்களும் அவர்கள் செய்ததைச் செய்யுங்கள். 1980 முதல் 1983 வரையான வீரகேசரி, தினகரன் விளையாட்டுப் பக்கங்களை கொழும்பு தேசிய சுவடிகள் திணைக்களத்தில் கேட்டுப் பாருங்கள். நூலகம் என்ற இணைய நூலகத்தில் பழைய பத்திரிகைகளும் பாடசாலை மலர்களும் நிறைய ஏற்றப்பட்டிருக்கின்றன. அப்பாவோடு ஆடியவர்கள் யார் யார் எங்கே இருக்கிறார்கள் என்று அவரிடமே எழுதி வாங்குங்கள். பலர் இலண்டனிலும் கனடாவிலும் இருப்பார்கள், யாரோ ஒருவரிடம் ஒரு துண்டுச் செய்தியாவது இருக்கும்.

கிடைத்தது ஒரே ஓர் ஆட்டத்தின் முடிவு என்றாலும் அதைத் திகதியோடு அச்சிடுங்கள். கிடைக்காத கட்டங்களில் ஒரு கோடு போடுங்கள். ஊகித்து எண் எழுதாதீர்கள், அப்பா தன் ஆட்டத்தை நன்றாக அறிந்தவர், ஒரு பொய் எண் இருந்தாலும் அவர் கண்ணில்தான் முதலில் படும். அவர் ஓய்வு அறிவிக்கவில்லை, அதனால் ‘ஓய்வு’ என்றும் போடாதீர்கள். ‘1983 – பருவம் முடியவில்லை’ என்று போடுங்கள். அதுதான் நடந்தது.

ஸ்கேன் எடுத்த பின் அச்சகத்துக்குக் கொண்டுவாருங்கள், சாம்பல் பக்கத்தில் எண்களை நானே கோத்துத் தருகிறேன். அதற்குக் காசு எடுக்க மாட்டேன்.

அட்டையின் பின்பக்கத்தில் வரும் தொகுதி வரிசை எண்ணை எப்படித் தெரிவு செய்கிறீர்கள்?
*– கன்னியா வாசகர்*

டொப்ஸ் தன் பெரிய வீரர்களுக்கு நூறிலும் ஐம்பதிலும் முடியும் எண்களைக் கொடுத்து வந்தது. கூஃபாக்ஸின் 1966 அட்டை 100, மான்டிலின் கடைசி அட்டை 500, கிளெமென்டேயின் 1973 அட்டை 50, ஆரனின் 1976 அட்டை 550. நான் செய்யும்போது அந்த ஆண்டுத் தொகுதியின் கடைசி எண்ணுக்கு அடுத்த எண்ணிலிருந்து தொடங்குகிறேன். அப்படிச் செய்தால் வேறொருவருக்குக் கொடுத்த எண்ணை எடுக்கவேண்டி வராது, அசல் தொகுதியின் கோப்பில் கடைசிப் பக்கத்தில் அப்படியே செருகியும் வைக்கலாம். உப்புவெளிக் கோல் காப்பாளருக்கு மட்டும் 1ஆம் எண். கோல் காப்பாளரின் சட்டையில் இருக்கவேண்டிய எண் அதுதானே.